நர்சிங்கில் ஸ்பெஷாலிட்டி எப்போது வருகிறது? சென்னையில் சேருவோருக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு "கிரிட்டிகல் கேர் ஸ்பெஷலைசேஷனுடன் பி.எஸ்சி. நர்சிங்", "கார்டியாக் நர்சிங் பட்டம்" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வரத் தொடங்கிவிடும். சேருவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் ஒரு பொதுப் பட்டம். போரூரில் படித்தாலும் பார்க் டவுனில் படித்தாலும் சான்றிதழில் எந்தப் பிரிவின் பெயரும் வராது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் செய்யும் பதிவும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்பெஷலைசேஷன் என்று சொல்லி ஒரு கல்லூரி கூடுதல் கட்டணம் கேட்டால், நோட்டீஸில் உள்ள ஒரு வரிக்குத்தான் பணம் கேட்கிறார்கள்.

அதற்காக ஸ்பெஷாலிட்டி என்பதே கிடையாது என்று அர்த்தமில்லை. அது பட்டத்துக்குள் துளியும், பட்டத்துக்குப் பிறகு நிறையவும் இருக்கிறது. எனவே முடிவு இரண்டு கட்டமாக வருகிறது: இப்போது எங்கே, எந்த வழியில் படிப்பது; நான்கு ஆண்டு கழித்து எந்தப் பிரிவில் இறங்குவது. இரண்டையும் பதினேழு வயதிலேயே சேர்த்து முடிவுசெய்யப் போவதால்தான் தவறான இடத்தில் பணம் போகிறது.

பட்டத்துக்குள் என்ன இருக்கிறது

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டம் 2021 ஜூலையில் அரசிதழில் வந்தது. ஆண்டு முறை போய் எட்டு செமஸ்டர், கிரெடிட் முறை வந்தது. முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நர்சிங் ஃபவுண்டேஷன். இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், அடல்ட் ஹெல்த். மூன்றாம் ஆண்டில் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம், கூடவே மகப்பேறு தொடக்கம். ஏழாம் செமஸ்டரில் ஆராய்ச்சியும் மகப்பேறு இரண்டாம் பகுதியும். எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அந்த 22 வாரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பிரிக்கப்பட்டவை. ஐ.சி.யு. பிடிக்கும் என்பதற்காக அங்கேயே இருந்துவிட முடியாது. மனநலம், சமுதாயம், மகப்பேறு, குழந்தைகள் என்று சுற்றித்தான் ஆக வேண்டும்.

விருப்பப் பாடம் மொத்தம் மூன்று. மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் நீரிழிவுப் பராமரிப்பு, மனித விழுமியங்கள், சாஃப்ட் ஸ்கில்ஸ் ஆகியவற்றில் ஒன்று. ஐந்து, ஆறில் போதைப் பழக்க மனநலம், வளரிளம் பருவ நலம், விளையாட்டு நலம், மாதவிடாய் நிற்கும் காலப் பராமரிப்பு போன்ற பட்டியலிலிருந்து ஒன்று. ஏழு, எட்டில் தாய்ப்பால் ஊட்டும் பராமரிப்பு, மன அழுத்த மேலாண்மை, அறிவியல் எழுத்து போன்றவற்றில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிரெடிட், 20 மணி நேரம். நோட்டீஸில் 'ஆப்ஷனல் ஸ்பெஷலைசேஷன்' என்று இருப்பது பெரும்பாலும் இந்த 60 மணி நேரம்தான். மேலும், பட்டியலில் இருக்கும் எல்லா விருப்பப் பாடங்களையும் எல்லாக் கல்லூரியும் நடத்துவதில்லை. ஆசிரியர் கிடைக்கும் ஒன்றிரண்டை வைத்துவிட்டு, வகுப்பு முழுவதையும் அதிலேயே சேர்த்துவிடுவதும் நடக்கிறது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியவை கட்டாய மாட்யூல்கள்: முதலுதவி, பி.சி.எல்.எஸ். (அடிப்படை இதய உயிர்காப்பு), பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, குழந்தைகளுக்கான உயிர்காப்பு, பேறுகால உதவிக்கான எஸ்.பி.ஏ., பாலியேட்டிவ் கேர், மருந்து பரிந்துரையின் அடிப்படை. ஐ.சி.யு. அல்லது எமர்ஜென்சிக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்க இதய சங்கத்தின் கார்டைக் கேட்பது வழக்கம். அந்தக் கார்டு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். கல்லூரி மாட்யூலை மட்டும் முடித்துவிட்டு உள் சான்றிதழ் தருகிறதா, அல்லது கார்டும் வாங்கித் தருகிறதா, அது எந்த ஆண்டில் என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே வாங்கினால் வேலைக்குப் போகும்போது காலாவதியாகியிருக்கும்.

பெயர் ஒத்துப்போகும், பதிவு ஒத்துப்போகாது

கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் கிரிட்டிகல் கேர் டெக்னாலஜி, கார்டியாக் டெக்னாலஜி, டயாலிசிஸ் டெக்னாலஜி, ஆக்சிடென்ட் அண்டு எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி, ஆபரேஷன் தியேட்டர் அண்டு அனஸ்தீசியா டெக்னாலஜி, பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பி.எஸ்சி. படிப்புகள் உள்ளன. மாநிலக் கவுன்சலிங்கில் நர்சிங்கும் இவையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே பட்டியலில் வருவதால் "ஐ.சி.யு.வில் வேலை என்றால் இதுதானே நேரான வழி" என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள்.

இவை மோசமான படிப்புகள் அல்ல. ஆனால் வேறு தொழில். டயாலிசிஸ் டெக்னாலஜி முடித்தவர் டயாலிசிஸ் மெஷினை நர்ஸைவிட நன்றாக அறிந்திருப்பார். அவருடைய பதிவு 2021-ன் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும். நர்சிங் கவுன்சிலில் அவர் பதிவுசெய்ய முடியாது. ஆகவே அரசு ஸ்டாஃப் நர்ஸ் தேர்வு, எய்ம்ஸின் நர்சிங் ஆபீசர் தேர்வான நார்செட், அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ், பிரிட்டனின் நர்சிங் பதிவு எதையும் எழுத முடியாது. பிறகு மனம் மாறினால் நர்சிங்குக்குத் தாவவும் குறுக்குவழி இல்லை; முதல் ஆண்டிலிருந்துதான். நர்சிங்கில் பிரிவு மாறுவது எளிது: டயாலிசிஸில் அலுத்துப்போன நர்ஸ் அடுத்த மாதமே குழந்தைகள் வார்டுக்குப் போகலாம். டெக்னாலஜிஸ்ட்டுக்கு அந்த வசதி இல்லை. மெஷின் பக்கம்தான் ஆர்வம், நைட் டூட்டியும் நோயாளியைக் கழுவித் துடைக்கும் வேலையும் ஆகாது என்பவருக்கு டெக்னாலஜி படிப்பே சரி. வெளிநாடு, அரசு வேலை இரண்டில் ஒன்று மனத்தில் இருந்தால் நர்சிங்.

நுழையும் வழிகள்

அறிவியல் பிரிவில் படித்து, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் பி.எஸ்சி.க்குத் தகுதி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 சதவீதம். வயது 17 நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம். கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கவுன்சலிங் நடத்துகிறது. ஆனால் புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்கும், பெண்களுக்கான ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. எய்ம்ஸ் தனித் தேர்வு வைக்கிறது. எம்.பி.பி.எஸ். கனவு இல்லாவிட்டாலும் ஜிப்மர், ராணுவம் என்ற இரண்டு கதவுகளுக்காக நீட் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

சென்னையில் அரசுக் கல்லூரி என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரி, பக்கத்தில் செங்கல்பட்டு. சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. பழம்பெருமையை விடுங்கள், இங்கே சேருவதால் கிடைக்கும் உண்மையான லாபம் போஸ்டிங், அதாவது வார்டில் கிடைக்கும் நேரடிப் பயிற்சி. ஜி.எச்., எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை எல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும் எட்டும் தூரத்தில். புத்தகத்தில் ஒரு பத்தியாக இருக்கும் நோயை வார்டில் நான்கு கட்டிலில் பார்க்கலாம். கட்டணமும் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. குறை என்னவென்றால் நெரிசல். பிரசவ வார்டில் ஹவுஸ் சர்ஜன், முதுநிலை மாணவர், வெளிக்கல்லூரி நர்சிங் மாணவர் எல்லோரும் ஒரே டேபிளைச் சுற்றி நிற்பார்கள். கையை நீட்டி "நான் செய்கிறேன் சிஸ்டர்" என்று கேட்காதவர் நான்கு ஆண்டும் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம். இன்ஃப்யூஷன் பம்ப், கம்ப்யூட்டரில் சார்ட் எழுதுவது போன்றவற்றில் கார்ப்பரேட் மருத்துவமனை மாணவர்கள் முன்னால் இருப்பார்கள். அது வேலைக்குப் போன சில வாரங்களில் சரியாகிவிடும் குறை.

அடுத்தது தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். பொதுவாகச் சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதமும் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. கட்டணம் அரசு நிர்ணயித்தது. முதல் பட்டதாரிச் சலுகை இப்படிக் கவுன்சலிங் வழியாக வருவோருக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. டியூஷன் கட்டணத்தைத் தாண்டி ஹாஸ்டல், போஸ்டிங் பஸ், யூனிஃபார்ம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனைக்குக் கட்டும் கிளினிக்கல் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, மாணவர் நர்ஸ் சங்கச் சந்தா என்று வரும். இவற்றை நான்கு ஆண்டுக்கும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகை முதல் ஆண்டுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கும்.

ஸ்ரீராமச்சந்திரா, சவீதா, எஸ்.ஆர்.எம்., செட்டிநாடு போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் கவுன்சலிங்குக்குள் வருவதில்லை. நேரடிச் சேர்க்கை, அவரவர் கட்டணம், அவரவர் தேர்வு. பெரிய சொந்த மருத்துவமனை வளாகத்திலேயே இருப்பது இவற்றின் பலம். காலை ஆறு மணி போஸ்டிங் பஸ்ஸுக்காக நாலரைக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை, ஐ.சி.யு., கேத் லேப், டிரான்ஸ்பிளான்ட் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ். பணம் பிரச்சினை இல்லாத வீட்டுக்கு இது வசதியான தேர்வு. கல்விக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எங்கள் ஆலோசனை வேறு: தொடக்கநிலை ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், பதிவும் ஒன்றுதான். பெயருக்காகக் கூடுதல் கடனைச் சுமக்க நர்சிங் ஏற்ற துறை அல்ல. மேனேஜ்மென்ட் சீட் என்றால் சில வங்கிகள் தயங்கவும் செய்யும். சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் மேனேஜரிடம் பேசிவிடுங்கள்.

நான்காவது வழி ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்டு மிட்வைஃபரி) டிப்ளமா. மூன்று ஆண்டு. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தாலும் ஆங்கிலம் இருந்து 40 சதவீதம் எடுத்தால் போதும். காமர்ஸ் படித்தவருக்கு ஸ்டாஃப் நர்ஸ் ஆக உள்ள நேரான வழி இதுதான். முடித்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு டிப்ளமாவும் பட்டமும் ஒரே தகுதி, ஒரே சம்பளம். அங்கே தொகுப்பூதியத்தில் நுழைந்து, காலியிடம் வர வரக் காலமுறை ஊதியத்துக்கு மாறுகிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். நார்செட்டில் வித்தியாசம் உண்டு. பி.எஸ்சி. முடித்தவர் உடனே எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் அடிப்படை ஊதியம் மாதம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது, பொது வயது வரம்பு 30. அந்த இரண்டு ஆண்டு சிலருக்குப் பெரிய இழப்பாகிவிடும். மூன்று ஆண்டில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் ஜி.என்.எம். நல்ல தேர்வு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெரிய மருத்துவமனையோடு இணைந்த நர்சிங் ஸ்கூலில் படித்த ஜி.என்.எம். நர்ஸ், நோயாளியே இல்லாத கல்லூரியில் படித்த பி.எஸ்சி. நர்ஸைவிட வார்டில் தெளிவாக இருப்பார்.

கல்லூரியை எடைபோடுவது எப்படி

நோயாளி இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும். கவுன்சில் விதிப்படி கல்லூரிக்கு 100 படுக்கையாவது உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும், வார்டில் பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பேப்பரில் எல்லோரும் இதைக் காட்டிவிடுவார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 படுக்கை, முக்கால்வாசி நிரம்பியிருந்தால் 112 நோயாளிகள். ஒரே நாளில் இரண்டாம் ஆண்டில் 60 பேரும் மூன்றாம் ஆண்டில் 60 பேரும் போஸ்டிங் வந்தால் ஆளுக்கு ஒரு நோயாளிகூடத் தேறாது. அப்படிப்பட்ட இடத்தில் மாணவர்கள் பி.பி. பார்ப்பது, பெட்ஷீட் மாற்றுவது, ஃபைல் தூக்குவது இவற்றோடு நின்றுவிடுகிறார்கள். கேஸ் ஸ்டடி சீனியரின் பழைய நோட்டிலிருந்து காப்பியாகும்.

பிரசவமும் அப்படியே. சிறிய தனியார் மருத்துவமனையில் மாதம் 30 பிரசவம், அதில் பாதிக்கு மேல் சிசேரியன் என்றால், மீதியை வைத்து 60 பேர் தாங்கள் செய்ததைப் பதியும் லாக் புக்கை எப்படி நிரப்புவார்கள்? அதனால்தான் பெரும்பாலான தனியார் கல்லூரிகள் மகப்பேறு, குழந்தைகள், மனநலப் போஸ்டிங்குகளுக்கு அரசு மருத்துவமனைகளுக்கு மாணவர்களை அனுப்புகின்றன. அதில் தப்பில்லை, சொல்லப்போனால் நல்லதுதான். எத்தனை வாரம், எத்தனை பேராக, கூட ஆசிரியர் வருகிறாரா என்பதே வித்தியாசம். ஆசிரியர் இல்லாமல் மாணவர் மட்டும் போனால் வார்டு சிஸ்டர்கள் நோயாளியைத் தொட விடமாட்டார்கள். அவர்கள் வேலை அவர்களுக்கு.

கார்ப்பரேட் மருத்துவமனைக் கல்லூரியில் பிரச்சினை வேறு மாதிரி. மெஷின்கள், புரோட்டோகால், தொற்றுத் தடுப்பு எல்லாம் முதல்தரம். ஆனால் பணம் கட்டிப் படுத்திருக்கும் நோயாளி மாணவர் கையால் ஐ.வி. லைன் போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ள மாட்டார். மருத்துவமனை விதியும் அனுமதிக்காது. பார்த்தது அதிகம், செய்தது குறைவு என்று வெளியே வருவார்கள். அங்கே சேர்ந்தால் அரசு மருத்துவமனைப் போஸ்டிங் வாரங்களில் ஒரு நாளையும் தவறவிடக் கூடாது.

அட்மிஷன் அலுவலகத்தில் கேட்பதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. ஒரு வேலைநாள் காலையில் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய், மதியம் போஸ்டிங் முடிந்து வெளியே வரும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். இதுவரை தானாக எத்தனை கதீட்டர் போட்டாய், எத்தனை பிரசவத்தில் கைவைத்தாய், மனநலப் போஸ்டிங் எங்கே, போன செமஸ்டரில் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர்? நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அதுதான் உண்மை. அதோடு கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி அந்த ஆண்டுக்கான பட்டியலில் எத்தனை இடங்களோடு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமாகச் சேர்த்திருந்தால் கூடுதலாகச் சேர்ந்தவருக்குப் பதிவில் சிக்கல் வரும்.

அசல் சான்றிதழை அட்மிஷனில் வாங்கி வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் "எங்கள் மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தால்தான் தருவோம்" என்பது இந்தத் துறையின் பழைய நோய். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்துவிட்டது. பாண்ட் பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் சம்பளம், காலம், விலகினால் தொகை மூன்றும் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிடம் விட்டிருந்தால் கையெழுத்து வேண்டாம்.

நடுவில் எங்கே இடறுகிறார்கள்

தமிழ் மீடியத்திலிருந்து வருவோர் முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியலில் விழுவது சாதாரணம். புரியாமல் அல்ல, ஆங்கிலத்தில் எழுத வராமல். ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடத்துக்கும் 40 சதவீதம் போதும், மற்றவற்றுக்குத் தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 வேண்டும். அரியரோடு அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போகலாம். ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுதும் முன் முந்தையவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும், ஏழாம் செமஸ்டரிலும் அதே தடுப்பு உண்டு. முதல் செமஸ்டரின் ஒரு அரியர் இரண்டு ஆண்டு கழித்து மொத்தத்தையும் நிறுத்திவிடும். மொத்தக் கெடு எட்டு ஆண்டு.

வருகைப்பதிவு: தேர்வு எழுத 80 சதவீதம். ஆனால் பட்டம் வாங்க கிளினிக்கலில் 100 சதவீதம். காய்ச்சலுக்குப் போட்ட லீவையும் விடுமுறையில் வந்து ஈடுகட்டித்தான் தீர வேண்டும். பாட்டி சாவுக்கு ஊருக்குப் போன நான்கு நாளும் இந்தக் கணக்கில் வரும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கல்லூரி போடும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே வார்டுக்குப் போகிறார்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். சீட் உறுதியானதுமே முதல் டோஸைப் போட்டுவிடலாம். மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அளவு) பார்த்து 10-க்கு மேல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திவிட்டால் அதை மறைப்பதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. திட்டு விழும் என்ற பயம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலனில்லை.

பட்டத்துக்குப் பிறகு பிரிவு

முதல் வழி, நேராக அந்த வார்டில் வேலைக்குச் சேருவது. சென்னையில் ஐ.சி.யு.வுக்கு எப்போதும் ஆள் தேவை, ஏனென்றால் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது நியமம். பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒருவர். புதியவரை முதல் சில மாதம் சீனியரோடு இணைத்து விடுவார்கள். அது உண்மையில் நடக்கிறதா, அல்லது இரண்டாம் வாரமே தனியாக வென்டிலேட்டர் நோயாளியைக் கொடுக்கிறார்களா என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வெளிநாட்டு ஏஜென்சி பார்ப்பது இந்த அனுபவத்தைத்தான். ஆகவே அனுபவச் சான்றிதழில் வெறும் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று இல்லாமல் பிரிவின் பெயர், அதன் படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கவுன்சில் அங்கீகரித்த போஸ்ட் பேசிக் டிப்ளமா. ஒரு ஆண்டு, ரெசிடென்சி முறை. ஐந்தில் நான்கு பங்கு வார்டில், ஒரு பங்கு வகுப்பில். கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், இதயம், நரம்பியல், சிறுநீரகம், ஆபரேஷன் தியேட்டர், மனநலம், முதியோர் என்று பிரிவுகள். பதிவுக்குப் பிறகு ஒரு ஆண்டு வார்டு அனுபவம் கேட்பார்கள். வேலூர் சி.எம்.சி. இதில் பல பிரிவுகளை நடத்துகிறது. 'ஸ்பெஷலைஸ்டு நர்ஸ்' என்ற சொல்லுக்கு இந்தியாவில் அர்த்தம் தருவது இந்த டிப்ளமாதான். மருத்துவமனை தானே கொடுக்கும் மூன்று மாதச் சான்றிதழை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்த மருத்துவமனை வாசல் வரைக்கும்தான் செல்லும்.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு. பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு ஆண்டு அனுபவமும் வேண்டும், எனவே "பாஸானால் போதும்" என்று படித்தவருக்கு இந்தக் கதவு மூடிவிடும். ஐந்து பெரும் பிரிவுகள். அடல்ட் ஹெல்த்துக்குள் உட்பிரிவுகளும் உண்டு. நேர்மையாகச் சொன்னால் இது ஆசிரியர் வேலைக்கும் நிர்வாகத்துக்குமான படிப்பு. முடித்துவிட்டு வார்டுக்கே திரும்புகிறவருக்குச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. வார்டை விட மனமில்லாமல் மேலே போக நினைப்பவருக்கு நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் என்ற இரண்டு ஆண்டு முதுநிலை ரெசிடென்சி இருக்கிறது. படிப்பு ஆழமானது, ஆனால் அதற்கென்று தனிப் பதவியை உருவாக்கிய மருத்துவமனைகள் குறைவு. மகப்பேறுக்கு நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி, 18 மாதம்.

எந்தப் பிரிவு? ஐ.சி.யு.வும் எமர்ஜென்சியும் எங்கும் விலைபோகும், முதுகும் தூக்கமும் முதலில் போகும். ஆபரேஷன் தியேட்டரை வேலை நேரத்துக்காகப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் முதல் வேலையே தியேட்டர் என்றால் மருந்து, நோயாளி கண்காணிப்பு எல்லாம் இரண்டே ஆண்டில் மறந்துபோய், என்கிளெக்ஸுக்கு அடிப்படையிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். ஒரு ஆண்டாவது பொது வார்டு, பிறகு தியேட்டர் என்பது நல்ல வரிசை. புற்றுநோய்ப் பராமரிப்புக்கு 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் உள்ள ஊர் இது. கீமோ மருந்தைக் கையாளும் பயிற்சி முறையாகக் கிடைக்கும் இடத்தில் மட்டும் சேருங்கள். முதியோர் பராமரிப்பை யாரும் கவனிப்பதில்லை. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறந்திருக்கிறது, ஜெர்மனி போன்ற நாடுகள் இதற்கும் ஆள் கேட்கின்றன; ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை (தடையின்றிப் பேசும் நிலை) வரை வேண்டும். நைட் டூட்டியே வேண்டாம் என்பவருக்குச் சமுதாய நலம்: துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலைக்கான பாடங்கள் புதிய பி.எஸ்சி. திட்டத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டன.

கடைசித் தேர்வு முடிந்ததும் வரும் வேலைகள்: பல்கலைக்கழகத்தின் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், பிறகு மாநிலக் குழுமத்தில் பதிவு, தேசியப் பதிவேட்டின் தனி எண். இவற்றோடு டிரான்ஸ்கிரிப்ட்டையும் (பாடவாரியாகப் படித்த மணி நேரத்தைக் காட்டும் சான்று) அப்போதே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அமெரிக்கப் பதிவுக்கு மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஒவ்வொன்றிலும் தியரி எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். மகப்பேறையும் குழந்தை நலத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டுக் கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஐந்து ஆண்டு கழித்துக் கல்லூரிக்கு வந்து திருத்தித் தரச் சொன்னால், பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.